மேசையும் பாறையும்

(பழைய மாணவர் சங்க மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் போன மாதம் போன் செய்து, "தம்பி, பொறியாளரும் பொழுதுபோக்கும்னு ஒரு இருபது நிமிஷம் பேசணும்" என்றார். "அண்ணாச்சி, என் பொழுதுபோக்கு என்னன்னு தெரியும்லா?" என்று கேட்டேன். "மலையேறுறதுதானே?" என்றார். "அது ரெண்டாவது. முதல்ல இருந்தது சீட்டு" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, அதையும் சேர்த்தே பேசு. பிள்ளைகளுக்குத் தெரியட்டும்" என்றார். ஆகவே இன்றைக்கு நான் பேசப்போவதற்கு அரைப்பங்கு பொறுப்பு அவருடையது.

நான் 2010-இல் மின்னியல் துறையில் படிப்பை முடித்து வெளியே போனவன். சொந்த ஊர் இதே ஆலங்குளம். அம்மா பீடி சுற்றித்தான் எனக்குப் பரீட்சைப் பணம் கட்டினாள். இந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அதே கதைதான், அதனால் அதை விரிக்கவில்லை. சென்னையில் கொஞ்ச காலம், பெங்களூரில் கொஞ்ச காலம் வேலை. 2017 ஏப்ரலில் நான் இருந்த பிரிவையே மூடிவிட்டார்கள். மூன்று மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, கைகுலுக்கி அனுப்பினார்கள். அதற்கு அடுத்த மாதத்திலிருந்து 2019 ஜூன் வரை, சரியாக இருபத்தாறு மாதம், நான் பார்த்த ஒரே வேலை போக்கர் ஆடுவது. வீட்டு வாடகை, சாப்பாடு, அம்மாவுக்கு அனுப்பிய பணம் எல்லாம் அதிலிருந்துதான். அம்மாவிடம் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லியிருந்தேன். ஒரு கணக்குக்கு அது பொய்யில்லை, கம்ப்யூட்டரில்தான் ஆடினேன்.

போக்கர் தெரியாதவர்களுக்கு ரெண்டு வார்த்தை. ஆளுக்கு ரெண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக அஞ்சு சீட்டு. நாலு சுற்று பந்தயம். கையில் நல்ல சீட்டு இருக்கிறவன் ஜெயிக்கலாம், இல்லாதவன் இருக்கிற மாதிரி நடித்தும் ஜெயிக்கலாம். நம்ம ஊர் மங்காத்தாவில் உள்ளே, வெளியே என்று சீட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. இதில் கணக்கு உண்டு. கையில் ரெண்டு ஏஸ் வருவது 221 கைக்கு ஒரு தடவை. அப்படி வந்து, எதிரில் ஒரே ஒருத்தர், அவர் கையில் ஏதோ ரெண்டு சீட்டு என்றால், நாம் ஜெயிக்க வாய்ப்பு 85 சதவீதம். அதாவது இருப்பதிலேயே பெரிய கையை வைத்துக்கொண்டு, எல்லாம் சரியாகச் செய்தும், ஏழில் ஒரு தடவை தோற்போம்.

இந்தக் கணக்கை நான் கற்றுக்கொண்டது எங்கே தெரியுமா? நம் விடுதியில். நாலாவது செமஸ்டர் கணக்குப் பாடத்தில் நிகழ்தகவு வந்தது. அந்த நோட்டின் பின்பக்கத்தில் ரெண்டு சீட்டு எத்தனை விதமாக வரும் என்று போட்டுப் பார்த்தேன். 1,326 விதம். பக்கத்துக் கட்டிலில் இருந்த என் அறைத்தோழனுக்கும் சொல்லிக்கொடுத்தேன். காசு கிடையாது, கோவில்பட்டித் தீப்பெட்டியை உடைத்து ஆளுக்கு அம்பது குச்சி. வார்டன் ஐயா ஒருநாள் கதவைத் திறந்து, "என்னலே, ரெண்டு பேரும் பட்டாசு ஆலை ஏதும் போடுதியளா?" என்று கேட்டார். அவர் இன்றைக்கும் இங்கே முதல் வரிசையில் இருக்கிறார். ஐயா, அன்றைக்கு நாங்கள் சொன்ன பதில் பொய். இப்போது மன்னித்துவிடுங்கள்.

அந்த அறைத்தோழன் இன்று இங்கே இல்லை. அவன் பேரைச் சொல்லமாட்டேன். என் பேட்ச்காரர்களுக்குத் தெரியும். அவனிடம் பிறகு வருகிறேன்.

முதலில் என் வரவு செலவைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சீட்டாடிச் சம்பாதித்தவன் கணக்கு சொல்ல மாட்டான், கதைதான் சொல்வான். கையிருப்பு நாலு லட்சத்தோடு தொடங்கினேன். ஒரு மேசையில் கையிருப்பில் 5 சதவீதத்துக்கு மேல் வைப்பதில்லை என்று விதி. இரவு ஒன்பது முதல் விடியற்காலை நாலு வரை ஆட்டம். ஆடிய ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நோட்டில் பதிவு. முதல் எட்டு மாதம் ஏறுமுகம். 2018 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இறங்குமுகம். அந்த நாலு மாதத்தில் மட்டும் போனது 1,80,000 ரூபாய். ஆட்டத்தை மாற்றவில்லை, அதே மூளை, அதே நாற்காலி. பழைய கைகளை எல்லாம் திரும்ப எடுத்துப் பரிசோதித்தேன், நம் லேபில் பிழை தேடுகிற மாதிரி. சில தப்புகள் இருந்தன. மிச்சமெல்லாம் வெறும் சீட்டு விழுந்த விதம். அப்புறம் மறுபடி ஏறியது. இருபத்தாறு மாதத்தையும் கூட்டிக் கழித்து, வலைத்தளம் ஒவ்வொரு ஆட்டத்திலும் எடுத்துக்கொள்ளும் கமிஷன் போக, மாதத்துக்குச் சராசரி 31,000 ரூபாய் நின்றது. நான் விட்டுவந்த வேலையில் வாங்கியது அதைவிட அதிகம். முதுகுவலியும் கண்ணெரிச்சலும் அந்தக் கணக்கில் சேராது.

இத்தனைக்கும் நான் ஜெயித்தவன்! 2003-இல் அமெரிக்காவில் கிறிஸ் மணிமேக்கர் என்ற ஒரு கணக்காளர், சில பத்து டாலரில் இணையம் வழியாக இடம் பிடித்து, உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். உலகம் முழுக்க எத்தனையோ பேர் அதைப் பார்த்துத்தான் வேலையை விட்டார்கள். அந்தப் போட்டியில் கலந்துகொண்டவர்கள் 839 பேர். மற்ற 838 பேரின் பேரை வைத்து யாரும் விளம்பரம் செய்வதில்லை.

பொறியியல் மாணவர்கள் இருக்கிறீர்கள், அதனால் ஒரு சின்னக் கணக்கு. 1956-இல் பெல் ஆய்வகத்தில் ஜான் கெல்லி என்பவர், சாதகமான பந்தயத்தில் கையிருப்பில் எத்தனை பங்கு வைக்கலாம் என்பதற்கு ஒரு சூத்திரம் எழுதினார். வைத்த பணம் இரட்டிப்பாகும் ஒரு பந்தயம். பத்துக்கு ஆறு நீங்கள் ஜெயிப்பீர்கள், நாலு தோற்பீர்கள். உங்களுக்குத்தான் சாதகம். நூறு ரூபாயோடு தொடங்கி, ஒவ்வொரு தடவையும் கையிலிருப்பதில் 20 சதவீதம் வைத்தால், பத்து ஆட்டம் கழித்து 122 ரூபாய். 40 சதவீதம் வைத்தால்? 97 ரூபாய்ச் சொச்சம். 60 சதவீதம் வைத்தால் 43 ரூபாய். அதே ஆறு வெற்றி, அதே நாலு தோல்வி, அதே திறமை. வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள். அளவு மீறி வைத்தவன் கெட்டிக்காரனாக இருந்தாலும் தேய்ந்துதான் போவான். இந்த ஒரு கணக்குக்காகவே நிகழ்தகவுப் பாடத்தைப் படிக்கலாம், அரியர் வைக்காமல்.

சரி, மலைக்கு வருவோம்.

நாலு மாதம் தோற்றுக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில், பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடிவாதமாக ராமநகரத்துக்கு இழுத்துப் போனார். பெங்களூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். 'ஷோலே' படத்தில் வருகிற பாறைகள் அவைதான். அந்தக் கருங்கல் குன்றுகளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. "இது எங்க ஊர்ப் பொத்தைல்லா!" என்றேன். ஆலங்குளத்தில் பிறந்தவனுக்குப் பொத்தையில் ஏறுவது புதுசா? ஆடு மேய்க்கிற பையன்களோடு செருப்பில்லாமல் ஏறி, இறங்கத் தெரியாமல் அழுதவர்கள்தானே நாம் எல்லோரும்.

ஆனால் அங்கே ஏறுவதற்கு முறை இருந்தது. இடுப்பில் ஹார்னஸ். ரோப்பை எட்டு முடிச்சாகப் போட்டு அதில் கட்டுவார்கள். ரோப் மேலே பாறையில் பதித்த கொக்கி வழியாக ஓடி, மறுமுனை கீழே நிற்கிற ஒருவர் கையில் இருக்கும். அவர் வேலைக்குப் பேர் பிலே. நான் ஏற ஏற அவர் தளர்வை இழுத்துக்கொண்டே இருப்பார், நான் வழுக்கினால் அவர் பிடியில் நிற்பேன். ஏறுவதற்கு முன்னால் ரெண்டு பேரும் எதிரெதிரே நின்று, என் முடிச்சை அவர் தொட்டுப் பார்ப்பார், அவர் பூட்டை நான் தொட்டுப் பார்ப்பேன். இருபது வருஷம் அனுபவம் உள்ளவராக இருந்தாலும் இதை விடமாட்டார்கள். தன் முடிச்சில் உள்ள தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்பது அவர்கள் விதி.

அன்றைக்கு எனக்கு பிலே பிடித்தவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், 58 வயது. கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். நாற்பதடி உயரத்தில் எனக்கு மேலே போகவும் தெரியவில்லை, கீழே வரவும் தெரியவில்லை. தையல் மெஷின் மாதிரி கால் ஆடுகிறது. கையால் பாறையை நெரித்துப் பிடித்திருக்கிறேன். கீழேயிருந்து அவர் குரல் வந்தது: "தம்பி, கையில தொங்காதே. காலை நம்பு. முடியலேன்னா சொல்லு, இறக்கி விடறேன். இதுல அவமானம் ஒண்ணுமில்ல, பாறை அடுத்த வாரமும் இங்கேதான் இருக்கும்." நான் இறங்கினேன். அடுத்த வாரமும் இறங்கினேன். மூன்றாவது வாரம் ஏறினேன். உச்சிக்குப் போனதும் கீழே பார்த்தால், அவர் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். அது எனக்குப் புதிதாக இருந்தது. ஒரு வருஷமாக ஒவ்வொரு இரவும் நான் ஜெயித்தபோது எதிரில் இருந்தவர் யாரும் சந்தோஷப்பட்டதில்லை.

அந்த வருஷம் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கென்று ஊருக்கு வந்திருந்தேன். திண்ணையில் அம்மா தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பொய் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய், அன்றைக்கு உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். சுற்றுகிற கையை நிறுத்தவில்லை. நானாகவே, "அம்மா, இது மூணு சீட்டு மாதிரி இல்ல, திறமைக்கான ஆட்டம். சுப்ரீம் கோர்ட்டே 1968-ல ரம்மி திறமை ஆட்டம்னு சொல்லியிருக்கு" என்றேன். சொன்னது உண்மைதான். செகந்திராபாத்தில் ஒரு கிளப் வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அம்மா கேட்டாள்: "சரிய்யா. நீ திறமையா ஆடுத. அடுத்தவன் தோத்தாத்தான உனக்குக் காசு? அவன் யாருய்யா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. திரையில் எதிரே ஒரு புனைபெயரும் ஒரு வட்டப் படமும்தான் தெரியும். அவன் யார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசித்தால் ஆட முடியாது.

அதற்கப்புறமும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆடினேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அம்மா சொன்னதும் திருந்திவிட்டேன் என்றால் சினிமாவாகிவிடும். 2019 மே மாதம் ஒரு மனிதர் தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு மேல் மேசைக்கு வருவார். அந்த நேரத்தில் அவர் ஆட்டம் கன்னாபின்னா என்று இருக்கும். எல்லாக் கைக்கும் பணம் வைப்பார், எதையும் கவிழ்க்க மாட்டார். எங்கள் பாஷையில் அப்படிப்பட்டவருக்குப் பேர் மீன். மூணு வாரம் அவரிடம் நன்றாகச் சம்பாதித்தேன். ஒருநாள் சாயங்காலம் படுக்கப் போகும்போது போனை எடுத்து ஒன்றே முக்கால் மணிக்கு அலாரம் வைத்தேன். வைத்துவிட்டுத்தான், என்ன செய்கிறோம் என்று பார்த்தேன். ஒரு மனிதர் தூக்கம் கெட்டு, நிதானம் கெட்டு வருகிற நேரத்துக்கு நான் அலாரம் வைத்து எழும்புகிறேன். அம்மா கேட்ட "அவன் யாருய்யா" அப்போதுதான் உறைத்தது. ஜூன் மாதத்தோடு கணக்கை மூடினேன்.

யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒரு சின்ன கம்பெனியில் ஒப்பந்த வேலை கிடைத்தது, சேர்ந்துகொண்டேன். நான் அன்றைக்கு வாயைத் திறந்து நாலு பேரிடம் சொல்லியிருக்கலாம். குறிப்பாக ஒருத்தனிடம்.

இப்போது அவனைப் பற்றி.

கொரோனா ஊரடங்கில் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். போனைத் திறந்தால் ரம்மி விளம்பரம். என் அறைத்தோழனுக்கு வேலை பாதிச் சம்பளமானது. அவன் கெட்டிக்காரன், என்னைவிட வேகமாகக் கணக்குப் போடுவான். அதுதான் அவனுக்கு வினையானது. தனக்குக் கணக்கு தெரியும், மற்றவர்கள்தான் ஏமாளிகள் என்று நினைத்தான். 2020 நவம்பரில் தமிழக அரசு தடை கொண்டுவந்தபோது நின்றான். 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. விளம்பரம் திரும்ப வந்தது, அவனும் திரும்பப் போனான்.

2022 ஜனவரியில் ஒருநாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு எனக்குப் போன் செய்தான். "மாப்ள, கொஞ்சம் இறங்கிட்டேன். நீ எப்படி அந்த நாலு மாசத்தைச் சமாளிச்சே?" என்று கேட்டான். நான் என்ன செய்தேன் தெரியுமா? நாற்பது நிமிஷம் அவனுக்குக் கெல்லி சூத்திரம் சொன்னேன். "கையிருப்புல அஞ்சு சதவீதத்துக்கு மேல வைக்காதல" என்றேன். எவ்வளவு நல்ல அறிவுரை! அவனுக்குக் கையிருப்பே கிடையாது என்பதை நான் கேட்கவில்லை. அவன் வைத்துக்கொண்டிருந்தது தங்கை கல்யாணத்துக்குக் கட்டிய சீட்டுப் பணம், அப்புறம் போனிலேயே கடன் கொடுக்கிற செயலிகளில் வாங்கிய பணம். அவன் குரலில் இருந்த களைப்பை நான் கேட்டேன், ஆனால் அதற்குப் பதில் சொல்லவில்லை. "எழுந்திருச்சு வந்துரு, நாளைக்குக் காலைல நான் பஸ் ஏறி வாரேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மூணு வாரத்தில் அவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான்.

துக்கத்துக்குப் போனபோது அவன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபமே இல்லை. "எப்பா, காலேஜ்ல நீதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தியாம்லா. நல்லா ஆடுவான்னு சொன்னாங்களே, நெசந்தானா?" என்று கேட்டார். மகனைப் பற்றி ஏதாவது ஒரு நல்ல வார்த்தை கேட்க ஆசைப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். "ஆமா மாமா, நல்லா ஆடுவான்" என்றேன். அதைவிடக் கஷ்டமான ஒரு வார்த்தையை நான் சொன்னதில்லை.

இதை இந்த மேடையில் சொல்லலாமா என்று அவர்கள் வீட்டில் கேட்டேன். "பேரைச் சொல்லாம சொல்லு, நாலு பிள்ளையாவது எழுந்திரிக்கட்டும்" என்றார்கள். அதனால் சொல்கிறேன்.

நான் அந்த வருஷமே ஊருக்குத் திரும்பிவிட்டேன். ஐந்து வருஷத்தில் ரெண்டு வருஷம் என்ன செய்தாய் என்று நேர்முகத்தில் கேட்பார்களே, என்ன சொல்வது என்று பயந்தேன். இதே சங்கத்தைச் சேர்ந்த மூத்தவர் ஒருவர், "உள்ளதைச் சொல்லு, நான் பார்த்துக்கிடுதேன்" என்றார். இன்றைக்குக் காற்றாலைப் பராமரிப்பில் பொறியாளராக இருக்கிறேன். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று வருகிறதே, நமக்குச் சாரல், எங்களுக்கு அதுதான் சீசன். எண்பது மீட்டர் கோபுரத்தில் ஹார்னஸ் போட்டு ஏணியில் ஏறுகிறேன். கூட வருகிற தம்பியின் கொக்கியை நான் தொட்டுப் பார்க்கிறேன், என்னுடையதை அவன் தொட்டுப் பார்க்கிறான். ராமநகரத்துப் பெரியவர் கற்றுக்கொடுத்தது சோறு போடுகிறது. காற்று குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போனால், மேலே எவ்வளவு அவசர வேலை இருந்தாலும் இறங்கிவிட வேண்டும்.

இது நம்ம ஊர்க்காரர்களுக்குப் புதுசில்லை. குற்றாலத்தில் குளிக்கப் போகும்போது பெரியவர்கள் என்ன சொல்லித் தருவார்கள்? தண்ணி நிறம் மாறினால், சருகும் குச்சியும் வந்தால், எண்ணெய் தேய்த்தது போதும், கரையேறு என்பார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு பள்ளி மாணவன் போய்விட்டான். அன்றைக்குக் குளித்தவர்கள் மேல் தப்பு சொல்லவில்லை, காட்டாறு யோசிக்க நேரம் தராது. ஆனால் பணம் போகிற வெள்ளம் அப்படி இல்லை. அது மெல்ல வரும். நிறம் மாறுவது தெரியும். தூக்கம் போகும், பொய் சொல்ல வரும், முதல் கடன் வாங்குவோம். அங்கே கரையேற நேரம் இருக்கிறது, கை கொடுக்க ஆள்தான் வேண்டும்.

மாணவர்களுக்குச் சட்டமும் தெரிந்திருக்கட்டும். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்ததை மட்டும் நீக்கியது. பிறகு 2025-இல் மாநில அரசு, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பண ஆட்டத்துக்குள் நுழையக்கூடாது என்று விதி செய்தது, உயர் நீதிமன்றமும் அதை ஜூனில் ஏற்றது. அந்த விதியைப் படித்தபோது என் ரெண்டு மணி மனிதர்தான் நினைவுக்கு வந்தார். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் அத்தனையையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இத்தனை வருஷ வழக்கில் எல்லோரும் விவாதித்தது இது திறமையா அதிர்ஷ்டமா என்பதைத்தான். என் அனுபவத்தில் சொல்கிறேன், திறமைதான். அதனால்தான் ஆபத்து. திறமையுள்ள பத்துப் பேர் சம்பாதிக்க, எழுந்து போகத் தெரியாத நூறு பேர் அந்த மேசைக்கு வந்தாக வேண்டும். கமிஷன் எடுப்பவருக்கு இருவரும் வேண்டும். இந்தப் பக்கம் சட்டம் கதவைச் சாத்தினால், வெளிநாட்டுச் செயலி என்று எவனாவது ஜன்னலைத் திறப்பான். அதனால் சட்டத்தை மட்டும் நம்பி நான் இங்கே பேச வரவில்லை.

மலையேற ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆசைப்படுங்கள். ஆனால் தனியாகப் போகாதீர்கள், வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் தீயில் 20 பேருக்கு மேல் போனார்கள். 2024 அக்டோபரில் வனத்துறையே தமிழகத்தில் 40 மலைப்பாதைகளை வழிகாட்டியோடு திறந்திருக்கிறது. அதில் போங்கள். ஊர்ப் பொத்தையில் ஏறுவதாக இருந்தாலும் கீழே ஒருத்தன் நிற்கட்டும்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொன்விழா மண்டபம், பரிசுத் தொகை எல்லாம் நல்ல காரியங்கள், செய்யுங்கள். அதோடு, படிப்பு முடித்து வெளியேறும் ஒவ்வொரு பேட்சுக்கும் ரெண்டு மூத்தவர்களின் போன் எண்ணைக் கொடுப்போம். வேலை போனால், கடன் மாட்டினால், ராத்திரி பதினொன்றரை மணிக்கானாலும் கூப்பிடலாம் என்று சொல்லி வைப்போம். எடுக்கிறவர் அறிவுரை சொல்லக்கூடாது. "எவ்வளவு? யார் பணம்? சாப்பிட்டியா?" இந்த மூணு கேள்வி போதும். பிறகு, விடிந்ததும் நேரில் போக வேண்டும். என் பேட்சுக்கு முதல் எண்ணாக என்னுடையதை எழுதிக்கொடுத்துவிட்டேன். எங்களிடம் பேசக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

தம்பி தங்கைகளே, வாழ்க்கையில் ரிஸ்க் எடுக்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ரிஸ்க் எடுக்காமல் பொறியாளராக முடியாது, கல்யாணம்கூடப் பண்ண முடியாது. உங்கள் பணத்தை வையுங்கள், அளந்து வையுங்கள். நீங்கள் ஜெயித்தால் எதிரில் இருப்பவர் முகம் என்ன ஆகும் என்று ஒருதரம் பாருங்கள். ஏறும்போது பக்கத்தில் இருப்பவன் முடிச்சைத் தொட்டுப் பாருங்கள், உங்கள் முடிச்சையும் காட்டுங்கள்.

அன்றைக்குத் தீக்குச்சி வைத்து ஆடிய ரெண்டு பேரில் ஒருத்தன் இன்று உங்கள் முன்னால் நிற்கிறான். இன்னொருத்தனும் இந்த வருஷம் வந்திருந்தால், இப்போது பின்வரிசையில் உட்கார்ந்து, "போதும்ல, இறங்கு, சாப்பாடு ஆறுது" என்று கத்தியிருப்பான். அவன் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு இறங்குகிறேன்.